தப்பியோடிய குதிரையைத் தேடுகிறவர்கள்



இந்த வாரச் சிந்தனை ஒரு குதிரையிலிருந்து தொடங்குகிறது. நம்மில் பெரும்பாலோர் குதிரையை வளர்த்ததுமில்லை, அதன் முதுகில் ஏறியதுமில்லை. ஆகிலும் சற்றுப் பொறுமையோடு என்னுடன் வாருங்கள். வேதத்தில் நாம் பலமுறை வாசித்தும், ‘இது ஆடுமாடு வைத்திருந்தவர்களுக்குச் சொன்னது’ என்று எண்ணிக் கடந்துபோன ஒரு கட்டளை உண்டு. காணாமற்போன ஒரு குதிரைக்காக, அதன் சொந்தக்காரரை முன்பின் அறியாத மனிதர்கள் மலைக்காட்டில் அலைகிற காட்சி, அந்தக் கட்டளை நம்மிடம் எவ்வளவு கேட்கிறது என்பதை விளங்கப்பண்ணுகிறது.

அமெரிக்காவில், சிறப்பாக அதன் மேற்கு மாநிலங்களில், ‘எண்டியூரன்ஸ்’ எனப்படும் நெடுந்தூரக் குதிரைச் சவாரி பல ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. 1955ஆம் ஆண்டில் வெண்டல் ராபி என்பவரும் அவருடைய தோழர்கள் சிலரும், இக்காலத்துக் குதிரைகளாலும் ஒரே நாளில் நூறு மைல் கடக்க முடியும் என்று காட்டும்படி, டாஹோ ஏரிப் பகுதியிலிருந்து புறப்பட்டு, சியரா நெவாடா மலைகளைக் கடந்து, கலிஃபோர்னியாவின் ஆபர்ன் நகரை அடைந்தார்கள். அதுவே இன்று ‘டெவிஸ் கோப்பை’ என்று பெயர்பெற்றிருக்கிறது. 100 மைல், அதாவது ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தூரத்தை 24 மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். 1966இல் ஆஸ்திரேலியாவிலும் டாம் குயில்டி என்பவரின் பெயரால் இதேபோன்ற நூறு மைல் சவாரி தொடங்கியது. 1972இல் இந்தச் சவாரிகளுக்கென்றே அமெரிக்காவில் ஒரு தேசிய அமைப்பு உருவானது. 50 மைல் சவாரியானால் 12 மணி நேரம் என்பது அதன் கணக்கு.

இந்த விளையாட்டில் என் மனதைக் கவர்வது வேகம் அல்ல, குதிரைக்குக் கொடுக்கப்படும் கனம். வழியில் பல இடங்களில் கால்நடை மருத்துவர்கள் காத்திருப்பார்கள். குறித்த நேரத்துக்குள் குதிரையின் நாடித்துடிப்பு, பெரும்பாலும் நிமிடத்துக்கு 60 அல்லது 64 என்ற அளவுக்கு, இறங்கியிருக்கவேண்டும். ஈறை அழுத்திப் பார்ப்பார்கள். தோலைக் கிள்ளி நீரிழப்பை அளப்பார்கள். வயிற்றின் ஓசையைக் கேட்பார்கள். சற்று ஓடவிட்டு நொண்டுகிறதா என்று கவனிப்பார்கள். குறை காணப்பட்டால் அத்தோடு அந்தக் குதிரையின் சவாரி முடிந்தது. ஏறிவந்தவர் எத்தனை ஆசையோடு வந்திருந்தாலும் அது செல்லாது. டெவிஸ் சவாரியில் புறப்படுகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரே வழக்கமாக இறுதிவரை செல்லுகிறார்கள். முதலாவதாக வந்தவர் மாத்திரமல்ல, நலமான குதிரையோடு முடித்த ஒவ்வொருவரும் வெற்றிபெற்றவரே என்பது இவர்களுடைய கொள்கை.

இத்தனை கவனம் இருந்தும் குதிரைகள் தப்பியோடுவது உண்டு. பாதையோரத்தில், மண்ணுக்குள் கூடுகட்டியிருக்கும் குளவிகளின்மேல் ஒரு குளம்பு பட்டால் போதும். குதிரை துள்ளும், ஏறியிருப்பவர் கீழே விழுவார், குதிரை சேணத்தோடும் கடிவாளத்தோடும் காட்டுக்குள் மறைந்துபோகும். சில வேளைகளில் சவாரியெல்லாம் முடிந்து, முகாமில் எல்லாரும் உறங்கும்போது அது நேரிடுகிறது. வண்டியின் ஓரத்தில் கட்டிய கயிறு அறுந்துபோகும். கையோடு கொண்டுவந்து நிறுத்திய தற்காலிக வேலி சாய்ந்துபோகும். காற்றில் படபடக்கும் ஒரு தார்ப்பாய், இருளில் அசைந்த ஒரு மான், இவையே போதும். ஒரு குதிரை ஓடினால் பக்கத்திலிருப்பதும் ஓடும். குதிரைக்குக் கொம்பில்லை, நகமில்லை. ஓட்டமே அதற்கு அரண்.

ஓடுகிற குதிரை எங்கே போகும்? தன் ஊராயிருந்தால் லாயத்துக்குத் திரும்பிவிடும். இங்கேயோ அதன் லாயம் பலநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. வண்டியில் நின்றபடி வந்த அதற்கு வழி தெரியாது. தான் வந்த பாதையிலேயே பின்னோக்கிப் போகலாம். வேறு குதிரைகளின் வாசனையைத் தேடிப் போகலாம். அச்சம் தணியும்வரை கண்போன திசையில் போகலாம். பயந்த குதிரை சில நிமிடங்களில் பல கிலோமீட்டர் போய்விடும்.

இதில் ஆபத்து மெய்யானது. நெடுந்தூரம் ஓடிய குதிரை வியர்வையோடு ஏராளமான நீரையும் உப்பையும் இழந்திருக்கிறது. நம் வியர்வையைவிடக் குதிரையின் வியர்வையில் உப்பு மிகுதி. நீரோடு உப்பும் அவ்வளவாகப் போய்விடுவதால், உடல் வறண்டிருந்தும் அதற்குத் தாகம் சரியாகத் தோன்றாமற் போகலாம். ஓய்வும் தண்ணீரும் தீவனமும் மிகவும் தேவைப்படுகிற அந்த வேளையில்தான் அது தனிமையில் நிற்கிறது. குடல்வலி கண்டால் கவனிக்க ஆளில்லை. தொங்கும் வார் காலில் சிக்கலாம். சேணம் நழுவி வயிற்றுக்குக் கீழே தொங்கினால் அதுவே அதை மேலும் வெருட்டும். இரவில் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டாலோ குதிரையின் உயிருக்கு மாத்திரமல்ல, வாகனத்தில் வருகிறவர்களின் உயிருக்கும் கேடு.

இப்போது அந்த முகாமை மனக்கண்ணால் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. வந்தவர்கள் எல்லாரும் களைத்திருக்கிறார்கள். பலருக்கு வீடு போய்ச்சேர நாள்முழுதும் வண்டி ஓட்டவேண்டும். திங்கட்கிழமை வேலை இருக்கிறது. அவரவர் குதிரை அவரவர் வண்டியருகே நலமாய் நின்று புல் தின்றுகொண்டிருக்கிறது. ஒருவருடைய குதிரை மட்டும் இல்லை. வெறுங்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிறார். இந்த இடத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே நம் சிந்தனைக்குரிய கேள்வி.

பலர் தங்கிவிடுகிறார்கள். வண்டியில் ஏற்றிய குதிரையை மறுபடி இறக்கிச் சேணம் பூட்டுகிறவர்கள் உண்டு. வரைபடத்தை விரித்து, யார் எந்தப் பள்ளத்தாக்கு என்று பிரித்துக்கொள்ளுகிறார்கள். அப்பகுதியின் பண்ணையாளர் வந்து, எந்த ஊற்றில் இந்தக் காலத்தில் தண்ணீர் இருக்கும், எந்த வேலியில் இடைவெளி இருக்கிறது என்று சொல்லுகிறார். தொலைபேசி எட்டாத மலைகளில் நடக்கும் சவாரிகளுக்கு அமெச்சூர் வானொலிக்காரர்கள் ஊதியமின்றி வந்து உதவுவது வழக்கம். தேடலிலும் செய்தியைக் கடத்த அவர்கள் துணை கிடைக்கிறது. ஒருவர் காவல்துறைக்குத் தெரிவிக்கிறார். ஒருவர் தீவனக் கடையிலும் பெட்ரோல் நிலையத்திலும் குதிரையின் படத்தை ஒட்டுகிறார். நடக்க முடியாத முதியவர் ஒருவர் முகாமிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளுகிறார். குதிரை தானாய்த் திரும்பி வந்தால் அங்கே யாரேனும் இருக்கவேண்டும் அல்லவா?

அன்பானவர்களே, இதைக் ‘கருணை’ என்று சொல்லிப் பாராட்டிவிட்டுப் போவது எளிது. நானோ அப்படிச் சொல்ல விரும்பவில்லை. வேதம் இதைக் கருணை என்று வகைப்படுத்தவில்லை, கடமை என்று வகைப்படுத்துகிறது. உபாகமம் 22ஆம் அதிகாரத்தின் தொடக்க வசனங்களை இன்று வீட்டில் எடுத்து வாசியுங்கள். சகோதரனுடைய மாடோ ஆடோ வழிதப்பிப் போவதைப் பார்த்தவன், பாராதவனைப்போல் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூடாது என்பதே அங்கே கட்டளை. உரியவன் தூரத்தில் இருந்தாலும், அவன் யாரென்றே தெரியாவிட்டாலும், அந்த மிருகத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், அவன் தேடி வரும்வரை வைத்திருக்கவேண்டும். கழுதைக்கும் அப்படியே, துணிக்கும் அப்படியே, காணாமற்போன எதற்கும் அப்படியே.

கவனியுங்கள். இங்கே தடுக்கப்படுவது திருட்டு அல்ல. திருட்டுக்கு வேறே கட்டளை இருக்கிறது. இங்கே தடுக்கப்படுவது பார்த்தும் பாராமற்போவது. தெருவில் ஒரு மிருகம் தனியே போகிறது. அதை நாம் அவிழ்த்துவிடவில்லை, அது நம்முடையதும் அல்ல. ‘எனக்கு இதில் என்ன?’ என்று சொல்ல நமக்கு எல்லா நியாயமும் இருப்பதாகத் தோன்றுகிறது. அந்த நியாயத்தைத்தான் இந்தக் கட்டளை நம் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளுகிறது. பார்த்த மாத்திரத்தில் நீ பொறுப்பாளி ஆகிவிட்டாய் என்கிறது. யாத்திராகமம் 23ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போய், தப்பிப்போன மாடு உன் பகைவனுடையதானாலும் கொண்டுபோய் விடு என்கிறது.

ஆச்சரியம் என்னவென்றால், அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் உள்ள சட்டங்களும் ஏறக்குறைய இதையே பேசுகின்றன. உரியவர் தெரியாமல் அலையும் கால்நடைக்கு அங்கே தனிச் சட்டப்பெயரே இருக்கிறது. தன் நிலத்தில் வந்து நிற்கும் குதிரையை ‘கிடைத்தது எனக்கு’ என்று ஒருவர் வைத்துக்கொள்ள முடியாது. உள்ளூர்க் காவல் அதிகாரிக்கோ கால்நடைத் துறையின் அலுவலருக்கோ தெரிவிக்கவேண்டும். சூட்டுக்குறியைச் சரிபார்க்கவென்றே அலுவலர்கள் இருக்கிறார்கள். மேய்ச்சலை நம்பி வாழ்ந்த மக்கள் எவரும், தங்கள் அயலாரின் நேர்மையின்றித் தாங்கள் பிழைக்க முடியாது என்பதைக் கண்டுகொண்டார்கள். இன்று உன் மாடு. நாளை என் குதிரை.

ஆனால் கடமை என்று சொன்னவுடன் எல்லாரும் எழுந்து ஓடினால் போதுமா? போதாது. இங்கேதான் தேடுகிறவர்களின் அனுபவம் நமக்கு ஒரு பாடத்தைக் கற்பிக்கிறது. தப்பிய குதிரையைத் துரத்தக்கூடாது என்பது அவர்கள் முதலில் சொல்லும் விதி. பின்னால் குளம்போசை கேட்டால் அது இன்னும் விரைவாய் ஓடும்; தன்னைக் காப்பாற்ற வருகிறவரையும் தன்னைக் கொல்ல வருவதையும் பிரித்தறிய அப்போது அதனால் இயலாது. பத்துப்பேர் கூச்சலிட்டு வளைத்தால், அருகிலிருந்த குதிரை அடுத்த மலைக்குப் போய்விடும். நல்ல எண்ணமே தேடலைக் கெடுத்துவிட்ட நேரங்கள் உண்டு.

அப்படியானால் என்ன செய்கிறார்கள்? பார்த்தவர் பார்த்த இடத்தையும் நேரத்தையும் உடனே சொல்லுகிறார். தாமே பிடித்துவிட முயல்வதில்லை. குளம்புத் தடத்தைப் பார்த்து, லாடமிட்ட குதிரையா, இக்காலத்தில் பலர் அணிவிக்கும் குளம்புக் காலணியோடு போன குதிரையா என்று அறிகிறார்கள். தடத்தின்மேல் வண்டியை ஓட்டி அதை அழித்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுகிறார்கள். அதற்குப் பழக்கமான, அமைதியான இன்னொரு குதிரையை மெதுவாய் நடத்திக்கொண்டு போகிறார்கள். மந்தையை நாடும் பிராணி தன் இனத்தைக் கண்டால் நிற்கும். வாளியில் தானியத்தைப் போட்டுக் குலுக்குகிறார்கள். கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்று நம் முன்னோர் குதிரையைக் குறித்துப் பகடியாய்ச் சொன்னது இங்கே மெய்யான உபாயமாகிறது. குதிரையின் கண்ணை நேரே நோக்காமல், பக்கவாட்டில், வேறெதையோ தேடுகிறவரைப்போல் அருகே செல்லுகிறார்கள். சில வேளைகளில் உட்கார்ந்து காத்திருப்பதே மிகச் சிறந்த உபாயமாயிருக்கிறது.

இதை எழுதும்போது நம் சபையை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. ஏதோ ஒன்றில் மனம் வெருண்டு நம்மைவிட்டு விலகிப்போன குடும்பங்களை நாம் எப்படித் தேடினோம்? ‘ஏன் வரவில்லை?’ என்று ஒரே வாரத்தில் எட்டுப்பேர் வீட்டுக்கதவைத் தட்டவில்லையா? நம் எண்ணம் நல்லதுதான். ஆகிலும் வெருண்டவர்களுக்குக் கேட்டது குளம்போசை மாத்திரமே. அவர்களுக்குப் பழக்கமான ஒருவர், எதையும் கேளாமல், அருகே போய் அமர்ந்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

குதிரையின் கதைக்குத் திரும்புவோம். தேடல்களில் எழும் மற்றொரு குரல் குற்றஞ்சாட்டும் குரல். ‘கயிற்றைச் சரியாகக் கட்டவில்லை’, ‘அந்த வேலியை நம்பியிருக்கக்கூடாது’, ‘பழகாத குதிரையை ஏன் கொண்டுவந்தார்?’ இவற்றில் உண்மையும் இருக்கலாம். கவனக்குறைவு கவனக்குறைவே. முகக்கயிற்றில் தொலைபேசி எண் பொறித்த தகடு, கழுத்தில் 15 இலக்க எண்ணுடைய சிறு மின்னணுச் சில்லு, பயணத்துக்கு முன்பே கயிற்றுக்கும் வேலிக்கும் பழக்குதல் என்று, செய்யத்தக்க முன்னெச்சரிக்கைகள் பல. அவற்றைப் பேசுவதற்கு ஒரு வேளை உண்டு; அந்த வேளை குதிரை கிடைத்த பிறகு. அதே உபாகமப் பகுதியில், வழியில் விழுந்துகிடக்கும் கழுதையைக் கண்டால் உரியவனோடுகூட நின்று தூக்கிவிடவேண்டும் என்றிருக்கிறது. அவனுடைய பங்கு நீக்கப்படவில்லை, அவனும் தூக்கவேண்டும். ஆனால் ‘அளவுக்குமேல் சுமை ஏற்றியது நீதானே’ என்று விசாரித்துவிட்டுத்தான் தூக்கவேண்டும் என்று அங்கே எழுதப்படவில்லை.

இன்னொரு கேள்வி உங்களில் சிலர் மனதில் எழுந்திருக்கும். ‘ஐயா, மனிதரே ஆதரவற்றுக் கிடக்கும்போது, ஒரு மிருகத்துக்காக இத்தனைபேர் இத்தனை நாள் செலவிடுவது நியாயமா?’ நேர்மையான கேள்வி. நான் இப்படிப் பதில் சொல்லுவேன். அயலானுடைய குதிரைக்காகக் காலைப்பொழுதை இழக்கப் பழகிய மனிதர், அயலானுடைய பிள்ளைக்காக எழுந்துபோகத் தயங்குவதில்லை. தன் வேலையைவிட்டு எழுந்திருப்பது ஒரு பழக்கம். சிறியவற்றில்தான் அது வளருகிறது. மேலும், அந்தக் குதிரையைத் தேடுகிறவர்கள் உண்மையில் இருவரைத் தேடுகிறார்கள்: காட்டில் நிற்கும் குதிரையையும், வெறுங்கயிற்றோடு நிற்கும் மனிதரையும். அவர் தனியே நிற்காதபடி பார்த்துக்கொள்ளுவது பாதித் தேடல்.

வேதத்தில் காணாமற்போன மிருகங்களைத் தேடிய மிக நீண்ட பயணம் எது? 1 சாமுவேல் 9ஆம் அதிகாரத்தில், கீஸின் கழுதைகளைத் தேடி அவன் குமாரனாகிய சவுலும் ஒரு வேலைக்காரனும் போன பயணம். எப்பிராயீம் மலைகளைக் கடந்தார்கள், பென்யமீன் நாட்டைக் கடந்தார்கள், கிடைக்கவில்லை. அப்போது சவுல் சொன்ன ஒரு வார்த்தை ஞானமுள்ளது: தகப்பன் கழுதைகளின் கவலையை விட்டுவிட்டு நம்மைக்குறித்துக் கவலைப்படத் தொடங்குவார், ஆகையால் திரும்பிப்போவோம் என்றான். இன்றும் நல்ல தேடலை நடத்துகிறவர்கள் இதையே முதலில் ஒழுங்குபண்ணுகிறார்கள். யார் எங்கே போகிறார், எத்தனை மணிக்குத் திரும்பவேண்டும் என்று எழுதிவைக்கிறார்கள். தேடப்போனவர் காணாமற்போனால் துயரம் இரட்டிப்பாகும்.

அந்த அதிகாரத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. மூன்றாம் நாளில் சாமுவேல் சவுலிடம், கழுதைகளைக்குறித்துக் கவலைப்படாதே, அவை அகப்பட்டன என்கிறார். அடுத்த அதிகாரத்தில் ராகேலின் கல்லறையருகே எதிர்ப்படும் இருவரும் அதையே சொல்லுகிறார்கள். சரி, அவற்றைக் கண்டுபிடித்தது யார்? யார் அவற்றைப் பிடித்துக் கட்டினார், யார் கீஸுக்குச் சொல்லியனுப்பினார்? வேதம் பெயர் சொல்லவில்லை. தேடிப்போனவன் ராஜாவானான், அவன் பெயரை எல்லாரும் அறிவோம். கழுதைகளைத் திருப்பிச் சேர்த்தவரோ தம் வேலையைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

தப்பிய குதிரைகளின் கதையிலும் பெரும்பாலும் இப்படியே நடக்கிறது. குதிரையை முதலில் காண்பவர் அநேகமாகத் தேடப்போனவர்களில் ஒருவராயிருப்பதில்லை. தன் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப்போன ஒருவர், வேட்டைக்குப் போன ஒருவர், சாலையைச் செப்பனிடும் ஒரு தொழிலாளி. இவர்களில் யாரோ ஒருவர் சேணம் பூட்டிய குதிரை தனியே நிற்பதைப் பார்க்கிறார். அந்த நேரத்தில் அவர் வண்டியை நிறுத்துகிறாரா, நிறுத்தாமல் போகிறாரா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. தேடினவர்கள் கடைகடையாய்ப் படம் ஒட்டியதன் பலன் அங்கேதான் வெளிப்படும். பார்த்தவருக்கு யாரை அழைப்பது என்று தெரிந்திருக்கவேண்டும்.

சில தேடல்கள் மிக நீண்டுபோகும். 2014இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாலைநிலத்தில் கூடாரமிட்டிருந்த ஒருவருடைய குதிரை, இரவில் அவிழ்த்துக்கொண்டு காட்டுக்குதிரைகளின் கூட்டத்தோடு போய்விட்டது. அது நெடுந்தூரச் சவாரியில் நடந்ததல்ல. ஆகிலும் இழப்பு ஒன்றே. அவர் ஆண்டுக்கணக்கில் அந்தப் பாலையில் தேடி, கடைசியில் நம்பிக்கையை விட்டுவிட்டார். 2022இல், எட்டு ஆண்டுகள் கழித்து, காட்டுக்குதிரைகளின் நடுவே ஒரு வீட்டுக்குதிரை இருப்பதை அலுவலர்கள் கவனித்து, அது யாருடையது என்று விசாரித்து, அவரிடம் சேர்த்தார்கள். மெலிந்திருந்தது; ஆகிலும் பழக்கம் மாறவில்லை. உரியவரே நம்பிக்கையை விட்ட பிறகும், யாரோ ஒருவர் ‘இது யாருடையது?’ என்று கேட்டார். அந்தக் கேள்வியில் எட்டு ஆண்டுப் பிரிவு முடிவுக்கு வந்தது.

ஆனால் எல்லாத் தேடலும் இப்படி முடிவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். சில குதிரைகள் பள்ளத்தாக்கில் இறந்துகிடக்கக் காணப்படுகின்றன. சில காணப்படுவதே இல்லை. அப்போதும் தேடியவர்கள் வீணாய்த் தேடினார்கள் என்று நான் எண்ணவில்லை. ‘முயன்றார்கள், என்னோடு இருந்தார்கள்’ என்ற நினைவோடு திரும்பிப்போகிறவருக்கும், ‘எல்லாரும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள்’ என்ற நினைவோடு திரும்பிப்போகிறவருக்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல.

லூக்கா 15ஆம் அதிகாரத்தின் மேய்ப்பனை நாம் நன்றாய் அறிவோம். அவன் தனியே தேடிப்போகிறான். ஆட்டைக் கண்டபின் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான். அதன்பின் சிநேகிதரையும் அயலாரையும் சந்தோஷப்படும்படி அழைக்கிறான். ஆட்டைத் தோளில் சுமக்கலாம். நானூறு ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரையை ஒருவர் சுமக்க முடியாது. பல மலைகளை ஒருவர் தேடவும் முடியாது. இங்கே அயலார் சந்தோஷத்துக்கு அழைக்கப்படும்முன் தேடலுக்கே அழைக்கப்படுகிறார்கள். நம் வாழ்வின் இழப்புகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. ஒருவர் தோளுக்கு அடங்காதவை. விருந்துக்கு வருகிற அயலார் நமக்கு நிறைய உண்டு. தேடலுக்கு வருகிற அயலாராய் நாம் இருக்கிறோமா?

ஆகையால் என் கருத்து இதுவே. ஒரு சமுதாயத்தை அதன் விழாவில் அறியமுடியாது. விழா முடிந்தபின் யார் தங்குகிறார்கள் என்பதில் அறியலாம். கல்யாணப் பந்தலில் நாம் எல்லாரும் இருக்கிறோம். பந்தலைப் பிரித்தபின், வாடகைப் பாத்திரத்தில் ஒன்று குறைகிறது என்று பெண்ணின் தகப்பனார் தேடிக்கொண்டிருக்கும்போது யார் இருக்கிறார்கள்? அடக்க ஆராதனையில் கூட்டம் நிறைந்திருக்கிறது. மூன்றாம் வாரத்தில், ஓய்வூதியத் தாள்களோடு எந்த அலுவலகத்துக்குப் போவதென்று தெரியாமல் நிற்கும் விதவைக்கு அருகே யார் இருக்கிறார்கள்? நம்முடைய குதிரை கட்டியிருக்கிறது. நம்முடைய வண்டி தயாராயிருக்கிறது. அந்த நேரத்தில்தான் கட்டளை நம்மிடம் வருகிறது.

இந்த வாரத்தில் ஒன்றைச் செய்வோம். நாம் பார்த்தும் பாராமல் விட்டுவந்த ஒரு காரியத்தை நினைவுகூர்வோம். தெருவில் யாரோ தவறவிட்ட பையாயிருக்கலாம். அயல்வீட்டாரின் காணாமற்போன நாயாயிருக்கலாம். நின்றுபோன ஒரு நட்பாயிருக்கலாம். பெரிய உதவி தேவையில்லை. பார்த்ததைச் சொல்லுவது உதவி. துரத்தாமல் அருகிருப்பது உதவி. குற்றம் பேசாமல் வாயைக் காப்பது உதவி. ஒன்றும் செய்ய இயலாதவர், அந்த முதியவரைப்போல், முகாமில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கலாம்.

நல்ல மேய்ப்பராகிய ஆண்டவரே, எங்களுடையது நலமாயிருக்கும்போது பிறருடையதை மறந்துபோகிற எங்களை மன்னியும். வெறுங்கயிற்றோடு நிற்கிறவரைக் காணும் கண்களையும், வண்டியை நிறுத்தும் மனதையும், வெருண்டதை மேலும் வெருட்டாத பொறுமையையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.